கானாடுகாத்தானில் ஒரு லைட் மீட்டரைச் சந்தேகித்தது

காலை பத்து மணி நாற்பது நிமிடம். நேரம் நினைவிருக்கக் காரணம், எங்கள் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிக்கும் நேரம் அது. விடுமுறையில் எந்த ஊரில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு என் காது தானாக ஒரு மணிச் சத்தத்தை எதிர்பார்க்கும். அன்று அதற்குப் பதிலாக என் மகன் கவினின் குரல் கேட்டது.

"அம்மா, லைட் மீட்டர் போச்சும்மா."

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் நின்றுகொண்டு அவன் இதைச் சொன்னான். லைட் மீட்டர் என்பது கேமராவுக்கு உள்ளேயே இருக்கும் ஓர் அளவுகருவி. எதிரில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து, இவ்வளவு நேரம் திறந்து மூடினால் படம் சரியாக வரும் என்று அது சொல்லும். அது தப்பாகச் சொல்கிறது என்றான் கவின். அதன்பின் நாங்கள் இருவரும் அந்தக் கருவியைக் கழற்றினோம், துடைத்தோம், பஸ் ஏறிக் கடைக்குக் கொண்டுபோனோம். பழுது அதில் இல்லை என்று தெரிந்து சில வாரங்கள் ஆகிவிட்டன.

நான் பொள்ளாச்சியில் கணக்கு டீச்சர். கவினுக்கு இருபத்தொரு வயது. படிப்பை முடித்ததும் வேலைக்குப் போக மாட்டேன், படம் எடுப்பதுதான் தொழில் என்று நின்றான். அவன் அப்பா ஒரு வருடம் பார்க்கலாம், அதற்குள் ஒன்றும் அமையாவிட்டால் தனக்குத் தெரிந்த கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும் என்றார். வருடம் முடியப்போகிற நேரத்தில்தான் இந்த வேலை வந்தது. பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்களுக்கு உள்ளறைப் படங்கள் எடுத்துத் தர வேண்டும். இதுவரை அவன் எடுத்ததெல்லாம் வெளிப்புறப் படங்கள். பறவை, வாய்க்கால், ஆனைமலைச் சந்தை. வீட்டுக்குள் எடுப்பது இதுவே முதல் தடவை.

அவனை எந்த ஊருக்கும் தனியாக அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. அரையாண்டு விடுமுறை வேறு. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினியை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நானும் பையைத் தூக்கிக்கொண்டேன். இருபத்தொரு வயதுப் பையன் வேலைக்கு அம்மாவோடு போனால் என்ன நினைப்பார்கள் என்று அவன் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

அந்த வீட்டை நடத்துகிற வள்ளியம்மை ஆச்சி எங்களை வாசலில் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அம்மாவும் வந்திருக்கீகளா? படம் எடுக்க வந்த மாதிரி இல்லையே, பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல இருக்கு. வாங்க, வாங்க."

கவின் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஆச்சி அதற்குள் வேலையைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"இந்தாங்க தம்பி, போன தடவை ஒருத்தர் வந்து கல்யாண மண்டபத்துக்குப் போடுற மாதிரி லைட்டாப் போட்டு எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டாக. அந்தப் படத்தப் பாத்துட்டு வாரவுக எல்லாம் 'என்னங்க வீடு இம்புட்டு இருட்டா இருக்கு'ன்னு எங்கூடச் சண்டைக்கு நிக்கிறாக. உங்க லைட்டு ஒண்ணும் வேண்டாம். வீடு கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே எடுங்க. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலைல எல்லா ரூமும் நெறஞ்சுரும். வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுருங்க."

அன்று திங்கட்கிழமை. நிறைய நேரம் இருப்பதாகத்தான் நினைத்தோம்.

முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதையும் தாண்டினால் இரண்டாங்கட்டு என்கிற உள்கூடம். முற்றத்து வெயில் அந்த வாசல்படியோடு நின்றுவிடும். அங்கே நின்று மீட்டர் சொன்னபடி முதல் படத்தை எடுத்தான். கேமராவின் திரையைப் பார்த்தான். கூடத்தைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். அப்போதுதான் மேலே சொன்னது.

"என்ன பண்ணுது?" என்றேன்.

"நீங்களே பாருங்க. இவ்வளவு வெளிச்சமாவா இருக்கு இங்க?"

படத்தில் நான்கு தூண்கள், ஓர் ஊஞ்சல், சுவர் நிறையச் சட்டம் போட்ட போட்டோக்கள். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அப்படியே சொன்னேன்.

"உங்களுக்குப் போட்டோவைப் பத்தி என்னம்மா தெரியும்?"

உண்மைதான், தெரியாது. அந்த வார்த்தையில் நான் அடங்கிப்போனேன். படத்தையும் இடத்தையும் ஒரு நிமிடம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "டேய், எனக்கு இது ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, உனக்கு எப்படித் தெரியுது?" என்று அப்போதே கேட்டிருக்கலாம். வகுப்பில் ஒரு பையன் தப்பான விடை சொன்னால் அவனுக்கு எங்கே இடறியது என்று கேட்காமல் நான் அடுத்த கணக்குக்குப் போனதில்லை.

பேட்டரியைக் கழற்றி மாட்டினான். அமைப்புகளை எல்லாம் அழித்துப் புதுக் கேமரா போல ஆக்கினான். லென்ஸை மாற்றினான். லென்ஸ் பொருந்தும் இடத்தில் இருக்கும் சின்னச் சின்னப் பித்தளைப் புள்ளிகளில் அழுக்கு இருந்தால் மீட்டர் குழம்பும் என்றான். என் மூக்குக் கண்ணாடித் துணியால் துடைத்தோம். கண் வைத்துப் பார்க்கும் துளை வழியாகப் பின்பக்க வெயில் புகுந்தாலும் மீட்டர் ஏமாறுமாம். நான் முந்தானையை விரித்துப் பிடித்து அவனுக்குப் பின்னால் கை வலிக்க நின்றேன். முந்தானையை இறக்கிய பிறகுதான், அந்தத் தப்பு நடந்தால் படம் இருண்டு போகுமே தவிர வெளுக்காது என்பது அவனுக்கே நினைவு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

கடைசியில் மீட்டர் சொல்வதிலிருந்து வெளிச்சத்தை இரண்டு படி குறைத்து எடுத்தான். "இப்பத்தான் கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கு" என்றான். எனக்கு அந்தப் படம் இருட்டாகத் தெரிந்தது. தலையை ஆட்டிவைத்தேன்.

மதியச் சாப்பாடு உள்கூடத்தில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியம்மாதான் பரிமாறினார். அரிசி கழுவிய தண்ணீரில் வெண்டைக்காயும் மொச்சையும் போட்டு ஒரு மண்டி வைத்திருந்தார். புளிப்பும் காரமும் நாக்கில் கொஞ்ச நேரம் நின்றன. எங்கள் பக்கம் தேங்காயை அரைத்து ஊற்றாமல் ஒரு குழம்பும் அடுப்பிலிருந்து இறங்காது. "தேங்கா விளையிற ஊர்ல பொறந்துட்டு வேற என்ன பண்ணுவீக" என்று பாண்டியம்மா எனக்காக வருத்தப்பட்டார்.

கவின் உள்ளே வந்தபோது இலை ஓரத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை உதைத்துத் தள்ளினான். தண்ணீர் என் புடவை வரை வந்தது.

"கண்ணை எங்க வெச்சுட்டு வர்றே?" என்றேன்.

இதை அவனிடம் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.

"விடுங்க டீச்சர். எலை கழுவத் தண்ணி எடுக்கணும்னு நெனச்சேன், தம்பி வேலைய மிச்சம் பண்ணிட்டாக" என்றார் பாண்டியம்மா.

சாயங்காலம் ஆச்சி வந்தார். வெள்ளைப் பணியாரத்தைக் காரச் சட்னியில் தோய்த்தபடி மடிக்கணினியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனவர், நாலைந்து படத்துக்குப் பிறகு பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டார்.

"என்ன தம்பி இது, கரண்டு போன வீடாட்டம் இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியற மாதிரி எடுக்கச் சொன்னீங்களே."

"சொன்னேன். இந்த வீட்டுல நான் பொறந்து வளர்ந்திருக்கேன். இம்புட்டு இருட்டை நான் பாத்ததில்லையே. இந்தப் படத்தப் போட்டா டார்ச் லைட்டு கொண்டாங்கன்னு கீழ எழுதணும்."

கவின் மீட்டர் பழுதாகிவிட்டதென்றும், காரைக்குடியில் காட்டிச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுத்துத் தருவதாகவும் சொன்னான். ஆச்சி, "பாருங்க, வியாழக்கிழமை மறந்துராதீக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவன் காதுகள் சிவந்திருந்தன.

மறுநாள் டவுன் பஸ். வெயிலில் நின்றுவிட்டு ஏறிய கவின், ஜன்னலோரம் காலி என்று நினைத்து ஒரு பெரியவர் மடியிலேயே உட்காரப் போனான்.

"ஏப்பா, மடியில உக்கார நான் என்ன உன் தாய்மாமனா? காது குத்தப் போறியா?"

பஸ்ஸே சிரித்தது. கவினும் சிரித்து மன்னிப்புக் கேட்டான். பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். எனக்கு மட்டும் கோபம். கொஞ்ச தூரத்தில் டயர் பஞ்சராகி பஸ் சாய்ந்து நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பின்னால் வந்த பஸ் நிற்காமல் போனபோது கண்டக்டர், "அவன் நிக்க மாட்டான். போன வாரம் அவன் டயரு போனப்ப நாங்க நிக்கலை" என்றார். எங்கள் ஊரில் இதற்கு ஒரு சண்டையே நடந்திருக்கும். இங்கே அதையும் நியாயம் என்பதுபோல் தலையாட்டினார்கள்.

காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டூடியோ. நடத்துகிறவர் மீனா என்கிற பெண். கவின் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் கேமராவையும் எடுத்து, இரண்டையும் ஒரே வெள்ளைச் சுவரைப் பார்க்க வைத்தார். போனில் ஒளி அளக்கும் செயலி ஒன்றையும் திறந்து அதே சுவரைக் காட்டினார்.

"மூணும் ஒண்ணையேதான் சொல்லுது. கேமரா நல்லாத்தேன் இருக்கு தம்பி."

"இங்க சரியாத்தாங்க காட்டுது. இருட்டான எடத்துலதான் பொய் சொல்லுது. இருட்டை வெளிச்சமாக் காட்டுது."

மீனா சலிக்காமல் பின்பக்கச் சாமான் அறைக்குப் போய், கதவைப் பாதி சாத்திவிட்டு, அங்கேயும் மூன்றையும் வைத்துப் பார்த்தார். நானும் உள்ளே போனேன். கவின் கதவருகிலேயே நின்றுகொண்டான். "சாமானா இருக்கு, எதையாவது இடிச்சிருவேன்" என்றான்.

"இங்குட்டும் மூணும் ஒண்ணுதான். மூணு பேரு சேந்தா பொய் சொல்லுவாக?" என்றார் மீனா.

"மதுரைல சர்வீஸ் சென்டர் இருக்குங்களா?" என்றேன் நான்.

"இருக்கு. போங்க. அவுகளும் பாத்துட்டு இதையேதான் சொல்லுவாக."

வெளியே வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. எதிரில் டீக்கடை. இரண்டு டீ சொல்லிவிட்டு, நடுத்தெருவில், வருகிறவர் போகிறவர் காதில் விழும்படி சொன்னேன்.

"கேமராவுல ஒண்ணுமில்லையாம் கண்ணு. அப்ப உனக்குத்தான் எடுக்கத் தெரியலை. ஒத்துக்க. அப்பா சொன்ன கம்பெனியிலயே சேந்துக்க. எல்லாத்துக்கும் ஒரு கை ராசி வேணும்."

அவன் டீயை முழுதாகக் குடித்தான். டம்ளரை வைக்கும்போது மேஜை விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தான். தார்ப்பாய் போட்ட கடை, உள்ளே மங்கல்தான். அந்தத் தடவலை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இதுலயும் ஒரு தடுமாற்றம்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கானாடுகாத்தானுக்குத் திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் என் கோபம் கரைந்து, வழக்கமான பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பேசினது அதிகம் என்று தோன்றியது. சமாதானமாக ஏதாவது செய்ய வேண்டும். கணக்கு டீச்சருக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றுதான், மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது.

"சரி, ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்" என்றேன். "இரண்டாங்கட்டு வாசல்ல நில்லு. மீட்டர் சொன்னபடி ஒரு படம் எடு. அப்புறம் படத்துல என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணாச் சொல்லலாம். அது நேர்ல தெரியுதா இல்லையான்னு பாக்கலாம். எது படத்துல இருந்து நேர்ல இல்லையோ, அது மீட்டரோட பொய்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எடுத்தான்.

"தூண்" என்றேன். "முதல் ரெண்டு தூண் தெரியுது" என்றான். "ஊஞ்சல்." யோசித்தான். "சங்கிலி லேசாத் தெரியுது." "சுவத்துல போட்டோ." "அங்க போட்டோ இருக்குன்னு தெரியும். நேத்துப் படத்துல பாத்தேன்."

படத்தைப் பெரிதாக்கினேன். நாலாவது தூணை ஒட்டி, தரையில் காலை நீட்டி, முறம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். நேரிலும் உட்கார்ந்திருந்தார்.

"பாண்டியம்மா" என்றேன்.

"அவங்களுக்கு என்ன?"

"அவங்க உக்காந்திருக்காங்கல்ல, அந்தத் தூண்கிட்ட."

கவின் கூடத்தைப் பார்த்தான். கழுத்தை நீட்டி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் விளையாடுகிறேனா என்கிற பார்வை.

"அங்க யாரும் இல்லையேம்மா."

தூணருகிலிருந்து குரல் வந்தது.

"நான்தேன் இங்குட்டு உக்காந்திருக்கேனே தம்பி. நேத்தும் இங்குட்டுதான் உக்காந்திருந்தேன். ரெண்டு நாளா என்னையத் தாண்டித் தாண்டிப் போறீக, ஒரு வார்த்தை பேசக் காணோம். பெரிய எடத்துப் பிள்ளைக போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கவின் குரல் வந்த பக்கம் திரும்பினான். கொஞ்சம் தப்பான பக்கம். பாண்டியம்மா முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவன் கேமராத் திரையில் இருந்த பெண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இப்பவும் இருக்காங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

இருக்கிறார் என்றேன். வாசல்படியிலேயே உட்கார்ந்தேன்.

பாண்டியம்மாதான் வந்து அவன் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டி வந்தார். "மாலைக்கண்ணா இருக்கும். எங்க ஊர்ல ஆட்டு ஈரலச் சுட்டுக் குடுப்பாக. எங்க சின்ன மச்சானுக்குச் சரியாப் போச்சு" என்றார். அந்த வார்த்தையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். ஈரல், கேரட், முருங்கைக்கீரை. விட்டமின் ஏ. எட்டாம் வகுப்புப் பாடத்தில் இருப்பதுதானே.

மறுநாள் மதுரை. போகவேண்டியது சர்வீஸ் சென்டருக்கு இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், "அழகரைப் பாக்கவா, மீனாட்சியப் பாக்கவா?" என்று கேட்டார். "கண் ஆஸ்பத்திரிக்கு" என்றேன். "அதுவும் ஒரு கோயிலுதான்" என்று சொல்லி, கொய்யாப்பழம் ஒன்றை நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தார். கவின் வாங்கித் தின்றான். நான் கையிலேயே வைத்திருந்தேன்.

சொட்டு மருந்து போட்டு உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் இருட்டறை. அதில் ஒரு பெரிய கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். அவனுக்கு முன்னால் போன பெண்ணின் பொத்தான் சத்தம் மழை போல் கேட்டுக்கொண்டிருந்தது. கவினின் பொத்தான் அழுந்தும், நிற்கும். மறுபடி அழுந்தும். நடுவில் இருக்கும் அமைதிதான் நீளமாக இருந்தது. ஒவ்வோர் அமைதியிலும், இப்போது ஒரு புள்ளி வந்து போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

டாக்டர் இளம்பெண். கவினிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை. இருட்டில் பார்க்க உதவும் செல்கள் விழித்திரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகின்றன என்றார். பிறவியிலேயே வருவது. ஈரலாலும் கேரட்டாலும் சரியாகாது. பகலில் நடுப்பார்வை இப்போது நன்றாக இருக்கிறது. பக்கப் பார்வைதான் மெல்ல மெல்லச் சுருங்கும். எவ்வளவு வேகமாக என்று யாராலும் சொல்ல முடியாது. தவறாமல் வந்து காட்ட வேண்டும். இருட்டிய பிறகு வண்டி ஓட்டக் கூடாது.

பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டார். "அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

கவின் மருந்து போட்ட கண்களோடு என் பக்கம் திரும்பினான். "அம்மா, அப்பா உங்க அத்தை பையன்தானே?"

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வெளியில் பெண் எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை. அத்தை வீட்டுக்கே போனதால் எனக்கு மாமியார் கொடுமை என்றால் என்னவென்றே தெரியாது என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமையை ஒரே வார்த்தையில் இல்லை என்று சொல்லிவிட்டேன், அதுவும் அவன் முன்னால்.

"நிறையப் பேர் முதல்ல இல்லைன்னுதான் சொல்லுவாங்க" என்றார் டாக்டர். "யாரையும் குத்தம் சொல்லக் கேக்கலைம்மா. சொந்தத்துல பண்ணினா இதுக்கு வாய்ப்பு கூடுதல், அதான். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி" என்றான் கவின்.

"அவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. பாத்துரலாம்."

திரும்பும் பஸ்ஸில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி. மேலூர் தாண்டியது. பிறகு, "அப்ப மீட்டர் சரியாத்தான் இருந்திருக்கும்மா" என்றான். இன்னும் கொஞ்சம் கழித்து, "இருட்டுன்னா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நீங்கெல்லாம் எப்படி இடிக்காம நடக்கறீங்கன்னு ஆச்சரியமா இருக்கும். பழகியிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாயங்கால டியூஷனுக்குப் போக மாட்டேன் என்று அழுத பையனைச் சோம்பேறி என்று சொன்னேன். கரண்டு போன இரவில் மாடிக்குப் போய்த் துணி எடுத்து வரச் சொல்லி, அசையாமல் நின்றவனைப் பயந்தாங்கொள்ளி என்றேன். தியேட்டரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தால், "இன்னும் குழந்தையா நீ?" என்று தட்டிவிட்டேன். அவன் கேட்ட உதவிகள் அவை. அவனுக்கே தெரியாமல் கேட்டவை. எத்தனையோ ஆபத்துகளைக் கற்பனை செய்து இருபத்தொரு வருடம் பயந்தவள் நான். இது ஒன்றுதான் என் கற்பனையில் வரவில்லை.

சாயங்காலம் அவன் அப்பாவுக்குப் போன் செய்தேன். கவினின் கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டதையும் சொன்னேன். அவர் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னால் யாழினி தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் கடைசியாகச் சொன்ன ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவள் மறுபடி சிரித்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாளைக்குப் பொறப்பட்டு வர்றேன்" என்று போனை வைத்தார்.

வியாழக்கிழமை காலை கவின் எனக்கு முன்பே குளித்துவிட்டுக் கேமராவோடு நின்றான். போய்விடலாம், ஆச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். "எதுக்கு? மீட்டர்தான் நல்லா இருக்கே" என்றான்.

அன்று அவன் ஒரு படத்திலும் ஒரு படி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மீட்டர் சொன்னதை அப்படியே எடுத்தான். பாண்டியம்மா கூடவே நடந்தார். "இங்குட்டு ஒரு படி. அங்குட்டு பெஞ்சு கெடக்கு, இடிச்சுராதீக. மேல பாருங்க, விட்டத்துல குருவி கூடு கட்டியிருக்கு, அதையும் எடுங்க." குருவிக்கூட்டை அவன் படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

மதியம் ஆச்சி வந்து பார்த்தார். "இதேன். இதேன் எங்க வீடு. மீட்டரச் சரி பண்ணிட்டீகளா?"

நான் ஏதோ மழுப்பத் தொடங்கினேன். கவின் குறுக்கிட்டான். "மீட்டர்ல ஒண்ணுமில்லைங்க ஆச்சி. எனக்குத்தான் இருட்டுல கண்ணு தெரியாது. முந்தாநேத்துதான் தெரிஞ்சுது. அது சொன்னதை எடுத்தேன்."

ஆச்சி அவனையும் என்னையும் பார்த்தார். மடிக்கணினியை மெதுவாக மூடினார். அதன் மேலேயே கையை வைத்திருந்தார்.

"கொத்தமங்கலத்துலயும் வலையபட்டியிலயும் ரெண்டு வீட்டுக்காரக எங்கிட்ட ஆளு கேட்டிருக்காக. உங்களச் சொல்றேன். பகல்ல வந்து பகல்ல போற மாதிரி வச்சுக்கங்க தம்பி. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஒண்ணும் தப்பில்ல."

கவின் இந்தத் தடவை என்னைப் பார்த்து முகத்தைத் தூக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் அப்பா வரும் பஸ் சாயங்காலம் காரைக்குடிக்கு வரும் என்று தகவல் வந்தது. இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டோம். புது பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணோரம் நின்றோம். கவின் டீ வாங்கப் போனான். அவன் போகிற வழியில் கிடந்த வாழைப்பழத் தோல், சாய்ந்து நின்ற சைக்கிள், நடைமேடை விளிம்பு எல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தன. கூப்பிட்டுச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அவன் சுற்றிக்கொண்டு போய், சரியாகவே திரும்பி வந்தான்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி நின்றேன். இன்னும் ஒண்ணு இருக்குங்க என்று ஆரம்பிக்கலாம். டாக்டர் எல்லோரிடமும் சொல்வதுதான் என்று சொல்லலாம். பரீட்சை முடியட்டும், மார்ச்சுக்குப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. மார்ச் வரை எனக்கு ஒரு மகளாவது பத்திரமாக இருப்பாள்.

பஸ் வந்து திரும்பி நின்றது. முன்படியில் அவர் இறங்கினார். இறங்கிவிட்டு நகராமல், பஸ்ஸுக்குள் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, தூக்கம் கலையாத முகத்தோடு, காதில் பாட்டு மாட்டியபடி யாழினி இறங்கினாள். அண்ணனைப் பார்த்ததும் ஓடிப்போய் அவன் சட்டைப் பையில் செருகியிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கித் தான் மாட்டிக்கொண்டாள்.

அவர் என் பக்கத்தில் வந்து பையைக் கீழே வைத்தார். பிள்ளைகள் பக்கம் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சொந்தத்துல கல்யாணமான்னு கேட்டாங்கன்னியே, அப்பவே தோணுச்சு. போன்ல நீயே சொல்லுவியேன்னு பாத்தேன். சொல்லலை. அதான் நானே கூட்டிட்டு வந்துட்டேன்."